சாவி எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும்?

(வட்டார அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். கணினி பற்றிப் பேசு என்று சொல்லி என்னை அழைத்தார்கள். கணினி என்றதும் பலர் கைப்பேசியை எடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் என் வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் செய்த தவறு என்றால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள்!

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர். பதினொன்றாம் வகுப்புக்கு அலகுத் தேர்வு ஒன்று வைத்தேன். அதில் ஒரு மதிப்பெண் வினா: "லினக்ஸ் இயக்க அமைப்பில், வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே என்ற கருவி எந்தக் கோப்புறையில் இருக்கும்?" நான் சொல்லிக் கொடுத்த விடை, வேர்க் கோப்புறையின் கீழ் நேரடியாக உள்ள 'எஸ்பின்'. ஒரு மாணவி மட்டும் 'யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்பின்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் எழுந்து, "சார், நான் எழுதினதும் சரிதான் சார்" என்றாள்.

"எப்படிம்மா?"

"லேப்ல பார்த்துட்டுத்தான் சார் எழுதினேன். வாங்க, காட்டுறேன்."

வகுப்பே கிளம்பி ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அவள் தட்டினாள். திரையில் வந்தது, யூஎஸ்ஆர் உள்ளே எஸ்பின். நான் பக்கத்தில் இருந்த இன்னொரு கணினியில் அதே கட்டளையைத் தட்டினேன். அங்கே வந்தது, வெறும் எஸ்பின். ஒரே அறை, ஒரே உபுண்டு, இரண்டு விடைகள்! நான் உட்கார்ந்த கணினியில் பழைய 18.04 பதிப்பு. அவள் உட்கார்ந்தது அண்மையில் புதிதாக நிறுவிய 22.04.

அன்று மாலையே அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்தி, பதிவேட்டிலும் கையொப்பமிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் 'எங்கே' என்று கேட்டேனே தவிர, 'ஏன் அங்கே' என்று ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரிந்துகொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இருப்புப் பதிவேடும் வட்டும்

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் பள்ளியில் இருப்புப் பதிவேடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போகிறோம். பதிவேட்டில் நாற்காலி நாற்பது, அறையில் முப்பத்தெட்டு. பதிவேட்டில் இல்லாத ஒரு மேசை மூலையில் கிடக்கிறது. எது சரி, எதைத் திருத்துவது என்று முடிவு செய்கிறோம்.

கணினியின் வட்டிலும் அப்படியொரு பதிவேடு உண்டு. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது, எந்தக் கட்டம் காலி, ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பதிவேட்டின் ஒரு பக்கம் எழுதப்பட்டிருக்கும், மறுபக்கம் எழுதப்பட்டிருக்காது. இப்போதைய கோப்பு முறைமைகள் செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வதால் இந்தச் சேதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

எஃப்எஸ்சிகே செய்வது இந்த ஆண்டுச் சரிபார்ப்பைத்தான். லினக்ஸில் பரவலாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 வகை வட்டில் இது ஐந்து சுற்றுகளாக நடக்கும். கோப்புகளின் அடிப்படைப் பதிவுகள், கோப்புறைகளின் அமைப்பு, கோப்புறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா, ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை பெயர்கள், கடைசியாகக் காலி இடக் கணக்கு. பெயரில்லாமல் அநாதையாகக் கிடக்கும் கோப்பு கிடைத்தால், 'லாஸ்ட் அண்டு ஃபவுண்டு' என்ற கோப்புறையில் ஓர் எண்ணைப் பெயராகக் கொடுத்துப் போட்டுவைக்கும். நம் அலுவலக அறையில் 'கண்டெடுத்த பொருள்கள்' பெட்டி இருக்கிறதே, அதேதான்.

இன்னொரு கருவி எம்கேஎஃப்எஸ். இது புதிய வட்டில் புதிய பதிவேடு தொடங்கும். பழைய வட்டில் தவறுதலாக இயக்கினால் இருந்த பதிவேட்டின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். ஒன்று மருந்து, மற்றொன்று கத்தி. இரண்டையும் எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் நம் கேள்வி.

இடம் போதாமல் பிறந்த விதி

இதற்கு விடை தேடினால் 1970களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் பிடிபி-11 என்ற கணினியில் யூனிக்ஸ் இயக்க அமைப்பை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய வட்டின் கொள்ளளவு மூன்று மெகாபைட்டைக்கூடத் தொடாது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம்.

முதல் வட்டில் இயக்க அமைப்பு. இரண்டாம் வட்டில் பயனர்களின் சொந்தக் கோப்புகள். பயனர் என்பதற்கான 'யூசர்' என்ற சொல்லைச் சுருக்கித்தான் அதற்கு யூஎஸ்ஆர் என்று பெயர் வைத்தார்கள். இயக்க அமைப்பு வளர வளர முதல் வட்டு நிரம்பியது. மிஞ்சிய நிரல்களை இரண்டாம் வட்டில் போட்டார்கள். அங்கேயும் 'பின்' என்று ஒரு கோப்புறை முளைத்தது.

அப்போது ஒரு சிக்கல். கணினி கண்விழிக்கும்போது அதன் கையில் முதல் வட்டு மட்டும்தான் இருக்கும். இரண்டாம் வட்டை இணைக்க 'மவுண்ட்' என்ற கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையையே இரண்டாம் வட்டில் வைத்தால் என்ன ஆகும்? பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே தொடங்கவும் இணைக்கவும் பழுது பார்க்கவும் தேவையானவை முதல் வட்டில்தான் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

கவனியுங்கள், ஆசிரியர்களே. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு இந்தப் பிரிவினையைச் செய்யவில்லை. இடம் போதவில்லை, அதனால் பிரித்தார்கள். பிரித்ததால் ஒரு விதி தேவைப்பட்டது. விதி பிறந்ததற்குக் காரணமான வட்டு அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் விதி மட்டும் நம் தேர்வுத்தாள் வரைக்கும் வந்துவிட்டது.

பழைய யூனிக்ஸில் எஸ்பின் என்ற கோப்புறையே கிடையாது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் மவுண்ட், எம்கேஎஃப்எஸ் போன்ற கருவிகள் 'இடிசி' கோப்புறையில் இருந்தன. இன்று அமைப்புக் கோப்புகள் மட்டும் இருக்கும் அதே இடிசிதான். பிற்பாடுதான் நிர்வாகக் கருவிகளுக்கென்று எஸ்பின் வந்தது. முன்னால் இருக்கும் 'எஸ்' என்பது சிஸ்டம்.

லினக்ஸ் வந்த பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வைக்கத் தொடங்கினார்கள். குழப்பத்தைத் தீர்க்க 1994 பிப்ரவரியில் ஒரு பொதுத் தரநிலை வெளிவந்தது. அது வளர்ந்து, 2015-இல் 3.0 பதிப்பாக நிற்கிறது. கணினியைத் தொடங்க, மீட்க, பழுது பார்க்கத் தேவையானவை வேர்க் கோப்புறையின் எஸ்பின்னில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. எஃப்எஸ்சிகே, எம்கேஎஃப்எஸ் இரண்டின் பெயரும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. அவசரத்துக்குத் தேவைப்படாத நிர்வாகக் கருவிகள் யூஎஸ்ஆருக்குள் இருக்கும் எஸ்பின்னுக்குப் போகும். நான் சொல்லிக் கொடுத்த விடை இந்த விதியிலிருந்து வந்ததுதான்.

பூட்டிய வட்டிலிருந்து வந்த கருவி

அப்படியானால் மாணவி காட்டியது எப்படிச் சரி? அதற்கு விடை ஒரு மின்வெட்டில் கிடைத்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போய்ப் போய் வந்தது. மாலையில் பார்த்தால் ஒரு கணினி எழவில்லை. அதில்தான் மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் இருந்தன. நகல் எடுத்து வைத்திருக்க வேண்டியவன் நான். எடுத்து வைக்கவில்லை. கறுப்புத் திரையில், எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகே கருவியைக் கையால் இயக்குங்கள் என்று பொருள்படும் ஆங்கில வரி. கீழே 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு சொல். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

திரை சொன்னபடியே எஃப்எஸ்சிகே என்று தட்டி, வட்டின் பெயரைக் கொடுத்தேன். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டே போனேன். சில நிமிடங்களில் முடிந்தது. மறுபடி தொடங்கியதும் கணினி எழுந்தது. கோப்புகள் இருந்தன. இரண்டு கோப்புகள் மட்டும் பெயரிழந்து, எண்களோடு, கண்டெடுத்த பொருள்கள் பெட்டியில் கிடந்தன. திறந்து பார்த்து உரியவர்களிடம் சேர்த்தோம்.

எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு அதே மாணவி கேட்டாள்: "சார், வட்டே திறக்கலையே. எஸ்பின்னும் வட்டுக்குள்ளதான் இருக்கு, யூஎஸ்ஆரும் வட்டுக்குள்ளதான் இருக்கு. அப்போ இந்த எஃப்எஸ்சிகே எங்கேயிருந்து சார் வந்துச்சு?"

இந்த உரையின் உயிர்நாடி அந்தக் கேள்விதான்.

இன்றைய லினக்ஸ் நேராக வட்டைத் திறப்பதில்லை. முதலில் ஒரு சிறு மூட்டையை நினைவகத்தில் அவிழ்த்துக்கொள்ளும். அந்த மூட்டைதான் இனிட்ராம்எஃப்எஸ். அதில் வட்டை அடையாளம் காணும் நிரல்கள், இணைக்கும் கட்டளை, சரிபார்க்கும் கருவி எல்லாம் சிறிய அளவில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். வட்டைச் சோதித்து, இணைத்து, பிறகுதான் பொறுப்பை வட்டில் இருக்கும் இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கும். ஒருகாலத்தில் முதல் வட்டு செய்த வேலையை இன்று இந்த மூட்டை செய்கிறது. மூட்டையும் ஒரு கோப்பாக வட்டில்தானே கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதை எடுத்து நினைவகத்தில் வைப்பது, லினக்ஸுக்கு முன்பே ஓடும் தொடக்க நிரல். அந்தக் கோப்பையும் லினக்ஸின் கருநிரலையும் படிக்க முடிந்தால் போதும். அதையும் படிக்க முடியாத அளவுக்கு வட்டு கெட்டால், வெளியிலிருந்து மீட்பு யூஎஸ்பியைச் செருகுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே பழைய பிரிவினைக்குத் தேவை குறைந்துவிட்டது. 2012-இல் ஃபெடோரா 17 பதிப்பு வேர்க் கோப்புறையின் பின், எஸ்பின் ஆகியவற்றில் இருந்தவற்றை எல்லாம் யூஎஸ்ஆருக்குள் நகர்த்தியது. பழைய இடங்களில் வழிகாட்டிப் பலகைகள் போல இணைப்புகளை மட்டும் விட்டுவைத்தது. உபுண்டு 19.04 முதல் புதிதாக நிறுவும் கணினிகளில் இதே முறை வந்தது. டெபியன் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில் இதை மட்டுமே ஏற்கிறது. எங்கள் ஆய்வகத்தின் புதிய கணினியில் எஸ்பின் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அது வெறும் கைகாட்டி. கை நீளும் இடம் யூஎஸ்ஆர். மாணவியின் விடை அந்தக் கணினிக்குச் சரி. என் விடை பழைய கணினிக்குச் சரி. தவறாக இருந்தது வினா.

நகர்த்தியதில் இன்னொரு நியாயமும் உண்டு. முதலுதவிப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டோம், ஆனால் அதைத் திறக்கும் கத்தரிக்கோல் மாடியில் இருக்கிறது என்று வையுங்கள். பெட்டி வாசலில் இருந்து என்ன பயன்? நிரல்களுக்கும் துணைநூலகங்கள் வேண்டும். எஸ்பின்னில் இருந்த சில கருவிகளின் துணைநூலகங்கள் யூஎஸ்ஆரில் இருந்தன. தனியாகப் பிரித்து வைத்தும் பல சமயம் அவசரத்துக்கு உதவவில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க அமைப்பு இதற்கு வேறு வழி கண்டது. 'ரெஸ்க்யூ' என்று ஒரு தனிக் கோப்புறை வைத்து, வேறு எதையும் சாராமல் தனித்து இயங்கும்படி கருவிகளைக் கட்டி அதில் வைத்திருக்கிறது.

மறைத்து வைப்பது பூட்டு ஆகுமா?

அடுத்து, யாருக்காக என்ற கேள்வி. எஸ்பின்னில் இருப்பவை நிர்வாகிக்கு, பின்னில் இருப்பவை எல்லோருக்கும் என்பது பழைய ஏற்பாடு. டெபியன் போன்றவற்றில் சாதாரணப் பயனர் எஃப்எஸ்சிகே என்று தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். கருவி இருக்கிறது. அவருடைய தேடல் பட்டியலில் எஸ்பின் இல்லை, அவ்வளவுதான். பல ஆசிரியர்கள் இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, இருக்கும் கருவியையே மறுபடி நிறுவ முயன்று நேரத்தைத் தொலைத்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இப்படி மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. முழுப் பாதையையும் தட்டினால் யாரும் அந்தக் கருவியை இயக்கலாம். வட்டைக் காப்பது கருவி இருக்கும் இடம் அல்ல. வட்டைத் தொட யாருக்கு அனுமதி என்று இயக்க அமைப்பு வைத்திருக்கும் கணக்குத்தான் காப்பு. மறைத்து வைப்பதன் பயன், கை தவறித் தொடாமல் இருப்பது. அதுவும் ஒரு பயன்தான். சாக்பீஸ் பெட்டி மேசை மேல், அமிலப் புட்டி உள்ளறையில் என்று நாம் வைப்பதில்லையா? ஆனால் உள்ளறைக்குப் பூட்டும் வேண்டும்.

பொதுத் தரநிலையே இதில் நல்ல அளவுகோல் ஒன்றைத் தருகிறது. சாதாரணப் பயனர் என்றேனும் ஒருநாள் நேரடியாகப் பயன்படுத்துவார் என்றால் அந்தக் கருவி பின்னில்தான் இருக்க வேண்டும். 'பிங்' கட்டளை நிர்வாகிக்கு மிகத் தேவையானது. ஆனாலும் பயனர்களும் பயன்படுத்துவதால் அதைப் பின்னில் வைக்கச் சொல்கிறது. இந்த அளவுகோலை எம்கேஎஃப்எஸ் கருவிக்கு வைத்துப் பாருங்கள். மாணவர் தன் சொந்தக் கோப்பு ஒன்றை வட்டாகப் பாவித்து அதில் கோப்பு முறைமை அமைக்கலாம். அதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. அப்படியென்றால் அது யாருடைய கருவி? இந்தக் கோடு மங்கிக்கொண்டே வருகிறது. 2025-இல் வந்த ஃபெடோரா 42, எஸ்பின்னையும் பின்னோடு சேர்த்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், மூன்று கேள்விகளைக் கேட்டு இடத்தை முடிவு செய்யலாம். இந்தக் கருவி எப்போது தேவைப்படும்? அப்போது நம் கையில் என்ன இருக்கும்? அது வேறு எதைச் சார்ந்திருக்கிறது? பழுது பார்க்கும் கருவி, பழுதாகக்கூடிய பொருளுக்குள் மட்டும் இருக்கக் கூடாது. இந்த ஒன்று 1970களிலும் சரி, இன்றும் சரி. கோப்புறையின் பெயர் மாறலாம், இந்தக் காரணம் மாறாது.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எந்த வட்டுக்கும் ஆபத்து இல்லாதது. இருபது மெகாபைட் அளவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். அதில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அமைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கோப்பின் நீளம் குறையாமல் முதல் இரண்டு கிலோபைட்டை மட்டும் சுழியங்களால் அழிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டின் முதல் பக்கம் கிழிந்துவிட்டது. இப்போது எஃப்எஸ்சிகே வகைக் கருவியான ஈ2எஃப்எஸ்சிகே கொண்டு சரிபார்க்கச் சொன்னால், முதல் பக்கம் சரியில்லை என்று சொல்லி, வட்டின் உள்ளே வேறோர் இடத்தில் வைத்திருக்கும் நகலைத் தேடி எடுத்துச் சரிசெய்யும். அதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தை நீங்களும் பார்க்க வேண்டும். நகல் எடுத்து வைப்பது ஏன் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிராது. கருவியை இயக்கும் முன் கோப்பின் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வட்டில் வேலை செய்யும் நாளுக்கு அந்தப் பழக்கம் உதவும். இணைத்துப் பயன்பாட்டில் இருக்கும் வட்டின் மேல் இந்தக் கருவியை இயக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பதிவேட்டை இன்னொருவர் திருத்தினால் இருவர் கணக்கும் கெடும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்குக் கணினியே வேண்டாம். நம் வகுப்பறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே? பள்ளி பூட்டியிருக்கும் நேரத்தில் விளையாடுமிடத்தில் ஒருவன் விழுந்தால் அது கிடைக்குமா? பிள்ளைகள் சொல்லும் விடையில் சில நம் ஏற்பாட்டையே மாற்றச் சொல்லும். எங்கள் பள்ளியில் முதலுதவிப் பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவில் இருந்தது. இந்தப் பாடம் நடந்த வாரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே போய்க் கேட்டு, அது வராந்தாச் சுவருக்கு வந்துவிட்டது. ஆய்வகத்திலும் ஒரு மீட்பு யூஎஸ்பி, கணினிகளுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

இப்போது அந்த ஒரு மதிப்பெண் வினாவை நான் கேட்பதில்லை. அதற்குப் பதில் மூன்று மதிப்பெண் வினா ஒன்று வைக்கிறேன்: "வட்டைச் சரிபார்க்கும் கருவியை அந்த வட்டில் மட்டும் வைத்தால் என்ன ஆகும்? எங்கே வைக்கலாம்? காரணம் கூறுக." விடைத்தாள்களைத் திருத்த அதிக நேரம் ஆகிறது. பரவாயில்லை. சிவப்பு மை எடுக்கும் முன் ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.